உட்காரக் கற்றுக்கொடுத்தவர்

குழந்தைக்கு நிற்கக் கற்றுக்கொடுத்தவர்கள் உலகத்தில் கோடிப் பேர். நடக்கக் கற்றுக்கொடுத்ததாகச் சொல்லிக்கொள்பவர்கள் அதைவிட அதிகம். குழந்தை தானாக நடந்துவிட்டு, அப்போது பக்கத்தில் யார் நின்றாரோ அவருக்குப் பெயர் வாங்கிக் கொடுத்துவிடும். ஆனால், நின்றுகொண்டிருக்கும் ஒரு குழந்தைக்கு உட்காரக் கற்றுக்கொடுப்பேன் என்று களத்தில் இறங்கிய மனிதர், நான் படித்த வரையிலும் பார்த்த வரையிலும், ஒருவர்தான். அவர் புனேயில், போபோடியில், எங்களுக்கு அடுத்த வீட்டில் இருந்தார்.

அவரைத் தாம்பா மாஸ்டர் என்போம். பெயர் ஒன்று இருந்தது. ரேஷன் கார்டிலும் கோயில் பதிவேட்டிலும் அது பத்திரமாக இருந்தது. யாரும் எடுத்துப் பயன்படுத்தியதில்லை. புனேயில் பஸ் நிற்கும் இடத்தில் 'பஸ் தாம்பா' என்று மராட்டியில் பலகை வைத்திருப்பார்கள். பலகையில் எழுதினால் அது நிறுத்தம்; ஒருவரைப் பார்த்துச் சொன்னால் 'நில்லுங்கள்'. மாஸ்டர் ஒரு நாளைக்கு அந்த வார்த்தையை எத்தனை முறை சொன்னார் என்று நான் குறித்துவைக்கவில்லை. குறிக்கத் தொடங்கியிருந்தால் எனக்கு வேறு வேலை நடந்திருக்காது.

கட்கி கன்டோன்மெண்டில் பிறந்து வளர்ந்தவர். பாட்டன் காலத்தில் வேலூர்ப் பக்கத்திலிருந்து வந்த கிறிஸ்தவக் குடும்பம். வீட்டில் தமிழ், தொழிற்சாலையில் இந்தி, கடையில் மராட்டி, கோபத்தில் மூன்றும் பேசுவார். தொழிற்சாலையில் அப்ரண்டிஸ் பையன்களுக்குக் கடைசல் மெஷின் கற்றுக்கொடுப்பது அவர் வேலை. அதில் அவருக்கு ஒரு சட்டம் இருந்தது. புதிதாக வந்த பையன் முதல் வாரம் முழுவதும் மெஷினை நிறுத்த மட்டும் கற்க வேண்டும். மாஸ்டர் ஓட்டுவார், பையன் நிறுத்துவான். மாஸ்டர் மறுபடி ஓட்டுவார். பையன் மறுபடி நிறுத்துவான்.

"ஓட்டத் தெரியாதவனால ஒண்ணும் கெட்டுப் போவாது தம்பி," என்பார். "நிறுத்தத் தெரியாதவன் கையிலதான் வெரல் போவுது."

அவரிடம் பழகிய பையன் ஒருவனுக்கும் விரல் போனதில்லை. அதோடு விட்டிருந்தால் அவரைப் பற்றி எழுத எதுவும் இருந்திருக்காது. மாஸ்டர் சட்டத்தைத் தொழிற்சாலைக்கு வெளியே கொண்டுவந்தார்.

எங்கள் வரிசையில் மறுகோடியில் குடியிருந்த ஷிந்தே, நாற்பது வயதில் சைக்கிள் கற்க ஆசைப்பட்டு மாஸ்டரிடம் வந்தார். முதல் வாரம் பிரேக். ஷிந்தே சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நிற்பார், மாஸ்டர் "தாம்பா!" என்பார், ஷிந்தே பிரேக்கை அழுத்துவார். ஏற்கெனவே நின்றுகொண்டிருந்த சைக்கிள் மேலும் உறுதியாக நிற்கும். இரண்டாம் வாரம் ஷிந்தே ஏறி உட்காரலாமா என்று கேட்டார். கை இன்னும் தயங்குகிறது என்றார் மாஸ்டர். மூன்றாம் வாரம் ஷிந்தே சைக்கிளை மைத்துனனுக்குக் கொடுத்துவிட்டு பஸ்ஸில் போகத் தொடங்கினார்.

1976 கிறிஸ்துமஸுக்குக் கோயில் பாடகர் குழுவைத் தயார் செய்யும் பொறுப்பு அவரிடம் வந்தது. டிசம்பர் பாதிவரை குழு 'ஆமென்' மட்டும் பாடிப் பழகியது. பண்டிகையன்று பாட்டு ஐந்து திசையில் போயிற்று. ஆமெனில் வந்து சேர்ந்தபோது பின்வரிசையில் இரண்டு பேர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். போதகர் அதை இன்னொரு முறை பாடச் சொன்னாராம். பாட்டை அல்ல, ஆமெனை.

மூத்த மகளைப் பெண் பார்க்க வந்த பையனிடம், "கோவம் வந்தா எத்தினி நிமிஷத்துல நிறுத்துவே?" என்று கேட்டார். பையன் சிரித்துக்கொண்டே, "எனக்குக் கோவமே வராது, அங்கிள்," என்றான். மாஸ்டர் அவனை வேண்டாமென்று சொல்லிவிட்டார். ஏன் என்று மனைவி ஸ்டெல்லா அக்கா கேட்டதற்கு, "ஓடாத மெஷினை நான் எப்டிடீ டெஸ்ட் பண்றது?" என்றார்.

இப்படிப்பட்டவருக்கு அடுத்த வீட்டில்தான் என் மகள் அமுதா 1978 ஜூலையில் வந்து சேர்ந்தாள்.

எங்கள் வரிசையில் ஐந்து வீடுகள். முன்னால் எல்லாருக்கும் பொதுவாக ஒரு வராந்தா, பின்னால் ரயில் பாதை, இடையிடையே அரைச் செங்கல் சுவர். ஒரு வீட்டில் தும்மினால் இன்னொரு வீட்டில் "நூறாயிசு" என்பார்கள். என் மனைவி சரோஜாவுக்குத் திருநெல்வேலிப் பக்கம் அம்பாசமுத்திரம். கன்டோன்மெண்டில் ஒரு பள்ளிக்கூடத்தில் தற்காலிக ஆசிரியையாக இருந்தாள். பகலில் குழந்தையை ஸ்டெல்லா அக்கா பார்த்துக்கொண்டார். எனக்குக் கல்லூரிக் காலத்திலிருந்து டைரி எழுதும் வழக்கம் உண்டு. முதல் மழை, ரயில் தாமதம், படித்து முடித்த புத்தகம் என்று எழுதிவந்த பக்கங்களை அந்த ஜூலை முதல் அமுதா எடுத்துக்கொண்டாள்.

நவம்பரில் ஒரு செவ்வாய்க்கிழமை மாலை, அமுதா முதல்முறையாகக் குப்புறக் கவிழ்ந்தாள். ஊர் வழக்கப்படி சரோஜா கொழுக்கட்டை செய்து ஐந்து வீட்டுக்கும் கொடுத்தாள். கொழுக்கட்டை தின்ற ஐந்து வீடுகளும் அன்று இரவு விழித்திருந்தன. அமுதா தூளியிலேயே கவிழ்ந்துகொண்டாள். திரும்பி மல்லாக்கப் படுக்கத் தெரியாமல் அழுதாள். திருப்பிப் போட்டோம். மறுபடி கவிழ்ந்தாள். அதுவரை விடியும்வரை தூங்கிக்கொண்டிருந்த பிள்ளை அவள்.

ஷிந்தேயின் மனைவி, எல்லாருக்கும் வஹினி, அதாவது அண்ணி, வந்து பார்த்துவிட்டு, "நஜர் லாக்லி," என்றார், கண்ணேறுதான், வேறில்லை. உப்பும் மிளகாயும் சுற்றி அடுப்பில் போட்டார். ஸ்டெல்லா அக்கா தலைமாட்டில் வேதாகமம் வைத்தார். நான் கிரைப் வாட்டர் வாங்கிவந்தேன். ஒன்பதாம் இரவு குழந்தை தூங்கிவிட்டது. மிளகாய், வேதாகமம், கிரைப் வாட்டர் மூன்றும் தனித்தனியே பெருமை கொண்டாடின.

பிப்ரவரியில் தவழ்ந்தாள். கொழுக்கட்டை போயிற்று. தூக்கத்திலேயே தவழத் தொடங்கினாள். பாயின் இந்த மூலையில் படுக்கவைத்த குழந்தையை, கதவில் தலை முட்டி அழும் நிலையில் மீட்டேன். அடுத்த நாள் டிரங்குப் பெட்டிக்குப் பின்னால். அதன் பிறகுதான் பழைய சாமான் விற்கும் ஜுனா பஜாரில் நான்கு பக்கமும் கம்பி வைத்த ஓர் இரும்புத் தொட்டில் வாங்கிவந்தேன். இந்த முறை பதினோரு இரவு.

இதற்குள் வரிசையில் ஒரு பயம் பரவியிருந்தது. சரோஜா எதற்கோ ஒரு தட்டை மூடி எடுத்துக்கொண்டு வராந்தாவில் நடந்தபோது ஷிந்தே எழுந்து நின்றுவிட்டார்.

"டீச்சர், அப் க்யா சீக்கா உஸ்னே?" இப்போது என்ன கற்றுக்கொண்டாள் என்று கேட்டார்.

"ஒண்ணும் கத்துக்கலை பையா, ஊறுகா," என்றாள் சரோஜா.

மார்ச் மாதம் இரண்டாம் வாரம், அமுதா தொட்டில் கம்பியைப் பிடித்து எழுந்து நின்றாள். சரோஜாவுக்குக் கொழுக்கட்டை செய்யத் தெம்பில்லை. இருந்தும் அன்று இரவு ஒருவரும் தூங்கவில்லை. கொழுக்கட்டை நிரபராதி என்பது ஷிந்தேவுக்கு உறுதியானது. அதுவரை அவர் அதைத்தான் சந்தேகித்துவந்திருக்கிறார்.

நிற்பது முந்தைய இரண்டையும்விடக் கொடுமையானது. நடுராத்திரியில் கண்ணைத் திறக்காமலே எழுந்து, கம்பியைப் பிடித்து நிற்பாள். கால் நடுங்கும். அலறுவாள். எடுத்துப் படுக்கவைத்தால், நான் என் பாய்க்குத் திரும்பும் முன் நின்றிருப்பாள். என் டைரியில் ஒரு பக்கத்தில் நேரங்கள் மட்டுமே இருக்கின்றன, ஒரு சின்ன ஸ்டேஷனின் கால அட்டவணை போல.

இரண்டாம் வாரத்தில் சரோஜா, மூன்றாம் வகுப்பில் ஒரு நதியைக் கரும்பலகையில் வரைந்துகொண்டிருந்தபோது, நின்றபடியே தூங்கிவிட்டாள். நதி கரும்பலகையைத் தாண்டி, சுவரில் இறங்கி, தரையில் முடிந்தது. வகுப்பு முழுவதும் அதை அப்படியே நோட்டில் வரைந்துகொண்டது. தலைமையாசிரியை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். சரோஜாவை நிரந்தரமாக்குவதா இல்லையா என்று அந்த ஏப்ரலில்தான் அவர் எழுதிக் கொடுக்க வேண்டும். "இன்னொரு முறை இதைப் பார்த்தேனென்றால், ஜூனில் வர வேண்டாம்," என்றார்.

என் மாமியாரிடமிருந்து கடிதம் வந்தது. பிள்ளையைக் கொண்டுவந்து அம்பாசமுத்திரத்தில் விடுங்கள், ஒரு வருஷம் கழித்துக் கூட்டிப் போகலாம், வேலையை விட்டுவிடாதே என்று எழுதியிருந்தார். வேறு வழி தெரியவில்லை. அடுத்த வெள்ளிக்கிழமை மெட்ராஸ் வண்டியில் எனக்கும் குழந்தைக்கும் இடம் எடுத்தேன். சரோஜா காலையில் சரி என்பாள். மாலையில் குழந்தையின் துணிகளைப் பெட்டியில் அடுக்குவாள். அடுக்கியதை எடுத்து, சுத்தமாக இல்லையென்று மறுபடி துவைக்கப் போடுவாள். அந்த வாரம் எங்கள் கொடியில் காயாத துணியே இல்லை.

சுவர் அரைச் செங்கல்தான் என்று சொன்னேன். சனிக்கிழமை மாலை மாஸ்டர் டிபன் டப்பாவோடு நேராக எங்கள் வாசலில் வந்து நின்றார்.

"தாம்பா! டிக்கெட் எடுத்தாச்சா?"

"எடுத்தாச்சு, மாஸ்டர். வெள்ளிக்கிழமை."

"எட்டு மாசக் கொழந்தைய டிஸ்மிஸ் பண்றே. சார்ஜ் இன்னா?"

"தூங்க மாட்டேங்கறா."

"அது கம்ப்ளெய்ண்ட்டு. நான் காரணத்தைக் கேக்கறேன்."

மாஸ்டர் டிபன் டப்பாவைக் கீழே வைத்தார். "நீ தினம் எய்தறியே அந்த நோட்டு, அத்த எடு," என்றார். அவருக்குத் தமிழ் பேசத்தான் வரும். படிக்க எழுத்துக் கூட்ட வேண்டும். ஆகவே நான் நவம்பரிலிருந்து வாசித்தேன். அவர் கண்ணை மூடிக் கேட்டார். குப்புறக் கவிழ்ந்தது, ஒன்பது இரவு. தவழ்ந்தது, பதினோரு இரவு. நடுவில் டிசம்பர், ஜனவரி, புதிதாக ஒன்றும் இல்லை, நல்ல தூக்கம். நான் என் கையாலேயே எழுதிய பக்கங்கள். வாசித்து முடித்த பிறகுதான் எனக்கே புரிந்தது.

"புதுப் பையன் கைல மொதோ மொதோ ரம்பத்தக் குடுக்கறேன்னு வெச்சுக்கோ," என்றார் மாஸ்டர். "ஒரே வாரத்துல அவங்கம்மா கேட்டாண்ட வந்து நிப்பா. 'மாஸ்டர், எம்புள்ள ராத்திரில கட்டிலை அறுக்கறான்'னு. அவன் தூங்கினுதான் கீறான். கை தூங்கலை. புதுசா கத்துக்கின வேலை ஒடம்ப வுடாது. உம் பொண்ணும் அதேதான். நைட் டூட்டி பாக்கறா."

"அப்ப இதுக்கு வைத்தியம்?" என்றாள் சரோஜா.

"டீச்சரம்மா, இவ நிக்கறா. நின்ன பொறவு உக்காரத் தெரியுமா இவளுக்கு?"

நாங்கள் இருவரும் தொட்டிலைப் பார்த்தோம். அமுதா கம்பியைப் பிடித்து நின்றுகொண்டிருந்தாள். முதலில் சிரித்தாள். பிறகு கால் மாற்றினாள். பிறகு கீழே பார்த்தாள். கீழே பார்த்ததும் உதடு பிதுங்கியது. அவள் எங்களை எழுப்ப வேண்டுமென்று அழவில்லை. மரத்தில் ஏறிவிட்டு இறங்கத் தெரியாதவன் அழுவதுபோல் அழுதிருக்கிறாள். அதை நாங்கள் பதினைந்து இரவாகப் பிடிவாதம் என்று எண்ணியிருந்தோம்.

"ரெண்டு பேரும் படிச்சவங்க," என்றார் மாஸ்டர், கோபமில்லாமல். "ஸ்டார்ட் பட்டன் மட்டும் குடுத்து வெச்சிகிறீங்க. வெள்ளிக்கிழமைக்கு ஆறு நாள் கீது. அப்ரண்டிஸை எங்கையில குடுங்க."

ஞாயிறு காலை கோயில் முடிந்ததும் தொட்டில் வராந்தாவுக்கு வந்தது. மாஸ்டர் கோயிலுக்குப் போட்ட பேண்டோடு தொட்டிலுக்கு வெளியே, கம்பியைப் பிடித்து நின்றார். உள்ளே அமுதா கம்பியைப் பிடித்து நின்றாள். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மாஸ்டர் மெல்ல முழங்காலை மடித்து, கையைக் கம்பியில் இறக்கி, தரையில் தொப்பென்று உட்கார்ந்தார்.

"பாத்தியா? பஸ், அவ்ளோதான்."

அமுதா சிரித்தாள். அவர் எழுந்து நின்று மறுபடி உட்கார்ந்தார். அவள் மறுபடி சிரித்தாள். வரிசையே கூடிவிட்டது. ஷிந்தே நாற்காலி போட்டுக்கொண்டு உட்கார்ந்து பார்த்தார். பிரேக் பாடம் படித்தவர் என்ற முறையில் அவருக்கு ஒரு தனி ஈடுபாடு.

"கோயில்ல முட்டி போடச் சொன்னா மட்டும் முட்டி வலி," என்றார் ஸ்டெல்லா அக்கா. "இங்க பாரு, சர்க்கஸ் கரடி மாதிரி."

"தொழில் நடக்கற எடத்துல பேசாதடீ."

திங்கட்கிழமை மாலையும் பாடம் நடந்தது. அன்று மாஸ்டர் உட்கார்ந்த பிறகு ஒவ்வொரு முறையும் ஷிந்தே ஒரு கையும் நான் ஒரு கையும் பிடித்துத் தூக்கிவிட வேண்டியிருந்தது. மாணவிக்கு நிற்க மட்டும் தெரியும். ஆசிரியருக்கு உட்கார மட்டும் தெரியும் என்ற நிலை.

திங்கள் இரவு அமுதா எழுந்து நின்றாள். அழவில்லை. என்னைப் பார்த்தாள். காத்திருந்தாள். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அலுத்துப்போய்ப் பாயில் உட்கார்ந்தேன். உடனே கைகொட்டாத குறையாகச் சிரித்து, கம்பியை உலுக்கினாள், இன்னொரு முறை என்று. நான் எழுந்து நின்று மறுபடி உட்கார்ந்தேன். அன்று ஏழு முறை எழுந்து உட்கார்ந்திருக்கிறேன், டைரியில் இருக்கிறது.

செவ்வாய் காலை மாஸ்டரிடம் சொன்னேன். அவர் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தார்.

"அப்போ அவ நின்னா, பெரியவங்க உக்காருவாங்க. அப்டித்தான் புரிஞ்சிகினு கீறா," என்றார். "அவதான் சுவிட்சு. நாம மெஷினு."

"அப்படித்தான் தெரியுது, மாஸ்டர்."

"தப்பு எம்மேலதான். கண்ணால பாத்து எவன் வேலை கத்துக்கினான்? பசங்களுக்கு நானே சொல்ற பாடம். கைய வெச்சு செய்ய வெக்கணும்." விரல்விட்டு எண்ணினார். "ரெண்டு நாளு வீணாப்போச்சே தம்பி. இன்னும் நாலே நாள்தான் கீது."

அன்று அவர் தொழிற்சாலைக்குப் போய், மதியமே திரும்பி வந்துவிட்டார். அரை நாள் லீவு. புதனும் அரை நாள். தொட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு முக்காலி போட்டு உட்கார்ந்து, அமுதாவின் முழங்காலுக்குப் பின்னால் ஒரு கையை வைத்தார். இன்னொரு கையால் அவள் உள்ளங்கையைக் கம்பியில் ஒவ்வோர் அங்குலமாகக் கீழே இறக்கினார். அவளுக்கு இது பிடிக்கவில்லை. விறைத்துப் பலகைபோல் நின்றாள். கிலுகிலுப்பையை அவர் தலையில் போட்டாள். புதிதாக முளைத்த இரண்டு பல்லையும் அவர் கட்டைவிரலில் சோதித்துப் பார்த்தாள்.

"கடி, கடி. பரவால்ல. தாம்பா... முட்டிய மடக்கு... ஹாங்... அரே, மடக்கும்மா... இந்தக் கை கீழ. அந்தக் கை கீழ. பூமி எங்கியும் போவாது, அங்கியேதான் கீது."

புதன்கிழமை, பள்ளி விட்டு வந்த சரோஜா, ஸ்டெல்லா அக்காவோடு வராந்தாவில் உட்கார்ந்து பட்டாணி உரித்துக்கொண்டிருந்தாள். நான் பக்கத்தில் செய்தித்தாள் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அண்ணன் எங்களுக்காக லீவெல்லாம் போடுதாவ. எனக்கு ஒரு மாதிரி இருக்கு, அக்கா," என்றாள் சரோஜா.

"இந்தாளுக்கு லீவு எய்தத் தெரியும்னே எனக்கு நேத்துதான் தெரியும், டீச்சர்," என்றார் ஸ்டெல்லா அக்கா. "நாலு பெத்தேன். நாலும் எப்போ கவுந்துச்சு, எப்போ நின்னுச்சுன்னு இவரக் கேளு. தெரியாது. அப்போல்லாம் நைட் ஷிப்டு. காலைல வந்து படுத்தா சாயங்காலம்தான் கண்ணு தொறப்பாரு. கடைசிப் பொண்ணு ஒரு நாள் நடந்து வந்து, தட்டினதும் இவருக்குக் கதவ இழுத்துத் தொறந்துச்சு. 'ஏய், இது எப்போ நடந்துச்சு?'ன்னாரு. மூணு மாசமாச்சுன்னேன்."

மாஸ்டர் திரும்பவில்லை. "கவனம் இங்க இருக்கணும்," என்றார், எங்களுக்கா அமுதாவுக்கா என்று தெரியாதபடி.

வியாழக்கிழமை மாலைக்குள் அமுதா நான்கு முறை உட்கார்ந்துவிட்டாள். ஆனால் நான்கு முறையும் முழங்காலுக்குப் பின்னால் மாஸ்டரின் கை இருந்தது. கையை எடுத்தால் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டு அழுதாள். சரோஜா உள்ளே போய் பெட்டியை அடுக்கினாள். இந்த முறை எதையும் திரும்ப எடுக்கவில்லை.

"இன்னும் ஒரு நாள் கீதே," என்றார் மாஸ்டர்.

"நாளைக்கு சாயங்காலம் வண்டி, மாஸ்டர்."

"சாயங்காலம்தானே," என்றார். ஆனால் குரலில் பலமில்லை.

அன்று இரவு இரண்டு மணி சுமாருக்குத் தொட்டில் கிறீச்சிட்டது. அமுதா நின்றாள். நான் எழப் போனேன். சரோஜா என் கையைப் பிடித்து நிறுத்தினாள். குழந்தை முனகியது. முனகல் அழுகையாக ஏறத் தொடங்கியது. நடுவில் நின்றது. கம்பியில் ஒரு கை தேயும் சத்தம். பிறகு இன்னொரு கை. பிறகு வெகு நேரம் ஒன்றுமில்லை. பிறகு, தொப்.

உட்கார்ந்த இடத்தில் அமுதா ஒரு பெருமூச்சு விட்டாள். அப்படியே பக்கவாட்டில் சாய்ந்து, கட்டைவிரலை வாயில் போட்டுக்கொண்டு தூங்கிப்போனாள்.

அப்போது சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து, காதை ஒட்டினாற்போல, ஒரு குரல்:

"உக்காந்துட்டாளா?"

சரோஜா சுவரில் வாயை வைத்துச் சொன்னாள்: "உக்காந்துட்டா, அண்ணே. படுத்துட்டா."

சற்று இடைவெளிக்குப் பின், வரிசையின் மறுகோடியிலிருந்து ஷிந்தேயின் குரல், "பஸ்லி கா?" என்றது. உட்கார்ந்தாளா என்று. வஹினி அவரை அதட்டுவதும் கேட்டது. அந்த வாரம் முழுவதும் ஐந்து வீட்டிலும் யார் யார் விழித்திருந்தார்கள் என்பதை அப்போதுதான் அறிந்தேன்.

நான்கு மணிக்கு அவள் இன்னொரு முறை எழுந்து நின்றாள். இன்னொரு முறை, யாரையும் கேட்காமல், உட்கார்ந்து படுத்தாள். தொழிற்சாலையின் காலைச் சங்கு ஊதும்வரை சரோஜாவும் தூங்கினாள். எழுந்ததும் பெட்டியைத் திறந்து குழந்தைத் துணிகளை ஒவ்வொன்றாக அலமாரியில் வைத்தாள்.

"டிக்கெட்?" என்றேன்.

"நீங்க வேணும்னா போயிட்டு வாங்க. எங்க அம்மா ஒங்களப் பாத்து ரொம்ப நாளாச்சுல்லா."

அந்த ஜூனில் சரோஜா நிரந்தரமானாள். ஆகஸ்டில் அமுதா நடந்தாள். மறுபடி ஆறு இரவு தூக்கம் போயிற்று. ஆனால் ஒருவரும் பயப்படவில்லை. கொழுக்கட்டை கொடுக்கப் போன சரோஜாவிடம் ஷிந்தே தட்டை மரியாதையாக வாங்கிக்கொண்டு, "கித்னே தின்?" என்று மட்டும் கேட்டார். எத்தனை நாள் என்று.

இதெல்லாம் டைரியில் இருக்கிறது. அந்த வெள்ளிக்கிழமை மாலை மட்டும் இல்லை. ஏன் எழுதாமல் விட்டேன் என்று தெரியவில்லை. இங்கே எழுதிவிடுகிறேன்.

ஸ்டேஷனில் டிக்கெட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு ஐந்தரை மணிக்கு வீட்டுக்கு வந்தேன். மாஸ்டர் வேலை உடுப்போடு வராந்தாவில் நின்றுகொண்டிருந்தார். அமுதா அவர் தோளில் தூங்கிக்கொண்டிருந்தாள். நான்கரைக்கு வந்து வாங்கிக்கொண்டாராம். அப்போதிருந்து அப்படியே நிற்கிறாராம். அந்த முழங்கால்களோடு.

"குடுங்க, அண்ணே. நான் படுக்க வைக்கேன்," என்றாள் சரோஜா.

"இருக்கட்டும், டீச்சரம்மா."

"டிக்கெட்டைத் திருப்பிக் கொடுத்துட்டேன், மாஸ்டர்," என்றேன்.

தலையை ஆட்டினார். நகரவில்லை. ஸ்டெல்லா அக்கா நாற்காலி கொண்டுவந்து வைத்தார், அதிலும் உட்காரவில்லை. வீட்டுக்குப் பின்னால் பம்பாய்ப் பக்கத்திலிருந்து மெட்ராஸ் வண்டி வந்தது. அடுக்களைப் பாத்திரங்கள் எப்போதும்போல் அதிர்ந்தன. மாஸ்டர் ஒரு கையால் குழந்தையின் காதைப் பொத்திக்கொண்டார். பெட்டி பெட்டியாக வண்டி கடந்து, சத்தம் புனே ஸ்டேஷன் பக்கம் தேய்ந்து மறைந்தது.

"போயிடுச்சா?" என்றார்.

"போயிடுச்சு, மாஸ்டர்."

அதற்குப் பிறகுதான் குழந்தையைச் சரோஜா கையில் கொடுத்தார்.